பாதித் தட்டு

எங்கள் வீட்டில் தட்டு மூன்று.
அம்மா சட்டியிலேயே சாப்பிடுவாள், அது கணக்கில் வராது.
ஒரு தட்டு அப்பாவோடு வள்ளத்தில் போய்
திரும்பி வரவில்லை.
அப்பா வந்துவிட்டார்.
அன்றிலிருந்து அவருக்குக் குண்டான் மூடி.

இன்னொன்று என்னுடையது.
நம்புசெல்வி என்று புள்ளி புள்ளியாகப் பெயர் கொத்தியது.
ஒரு மாசி மாதம் அம்மா அதில்
'பு' இருந்த இடத்தில் ஆணி அடித்து
சைக்கிள் டியூப்பைக் கோத்து
வலது காலில் கட்டிக்கொண்டாள்.
இடது காலுக்கு எண்ணெய் டின் தகரம்.
சின்னப்பாலத்தில் பாசி எடுக்க முங்குகிற பெண்களுக்கு
அதுதான் செதிள், அதுதான் வால்.
நான் மூணாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது
என் பெயர் கடலை உதைத்துக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்த ஒன்றில்
நானும் நம்புராசனும்.
சோற்றுக்கு நடுவே விரலால் ஒரு வாய்க்கால்.
அவன் பக்கம் ராமேஸ்வரம்,
என் பக்கம் மண்டபம்,
இடையில் குழம்பு.
காரல் மீன் ஒன்றைக் குறுக்கே வைத்து
பாம்பன் பாலம் என்பான்.
கப்பல் வருது, தூக்குடா என்பேன்.
தூக்குவான்.
தூக்கினதை வாயில் போட்டுக்கொள்வான்.
ரயில் வராத நாட்களில்
மண்டபம் மீனில்லாமல் கிடந்தது.

அம்மா வரும்போது
கண்ணாடி அழுத்திய வட்டம்
இரவு வரை முகத்தில் இருக்கும்.
துணி சுற்றிப் போனாலும் பாறை விடாது,
பத்து விரலிலும் வாய் திறந்த வெட்டு.
மிளகாய்ப் பட்டால் உயிர் போகும் என்பதால்
அந்த நாட்களில் நாங்கள் ஊட்டினோம்:
ஒரு வாய் மண்டபம்,
ஒரு வாய் ராமேஸ்வரம்.
அவள் மென்றுகொண்டே
எந்த ஊரில் உப்புக் கம்மி என்று சொல்வாள்.

அவள் எடுத்த பாசிக்கு மரிக்கொழுந்து என்று பெயர்.
மரிக்கொழுந்து எப்படி மணக்கும் என்று டீச்சர் கேட்டபோது
மீன் கழுவின தண்ணி மாதிரி என்றேன்.
வகுப்பு சிரித்து முடிக்கவே ஒரு பீரியட் ஆனது.
ரமீஜா மட்டும் சிரிக்கவில்லை.
அவளுக்கும் பூக்கடை தூரம்.

நோன்பு மாதம். அவர்கள் வீடு.
பாங்கு சொல்லி முடிந்ததும்
அவள் உம்மா ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தார்.
ரோஸ் நிறத்தில் சாய்சதுரம் சாய்சதுரமாக
தொடுவதற்கு முன்பே நடுங்கியது.
கடப்பாசி, எடுத்துக்க புள்ள.
எந்தக் கடல் என்று கேட்டேன்.
ஒங்கம்மா முங்குற கடல்தான்,
கம்பெனிக்குப் போயி
சுத்தமாயி கடைக்கு வருது,
காய்ச்சி ஆறவச்சா இப்படி.

டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துக் கொடுத்தார்.
தண்டவாளத்தை ஒட்டியே நடந்தேன்.
மூடி நடுங்கியது, அல்லது நான்.

அம்மா விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.
வெட்டுப்பட்ட விரலால் அழுத்தினாள்.
இது கீறலையே என்றாள்.
பிறகு வாயில் வைத்தாள்.
சீனி, பால், ஏலக்காய்,
எதற்கும் முகம் மாறவில்லை.
உப்பே இல்லையேடி என்றாள் கடைசியில்,
ஏமாற்றப்பட்டவள் போல.

அடுத்ததையும் எடுத்தாள்.
அதற்கடுத்ததையும்.
நீங்க சாப்பிட்டீங்களா என்று
எங்களைக் கேட்காமல் அவள் தின்று
நாங்கள் பார்த்தது அந்த ஒரு முறைதான்.
நம்புராசன் வெறும் மூடியை நக்கினான்.
பிறகு அழுதான்.

இப்போது கத்தாரிலிருந்து பேசும்போதும்
அதில்தான் வந்து நிற்பான்.
ஒரு துண்டு எனக்குன்னு கொடுத்துவிட்டிருப்பாங்கல்ல,
அம்மா மூணையும் தின்னுட்டா பாரு.
சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

போன வாரம் ராமநாதபுரம் கடையில்
சைனா கிராஸ் பாக்கெட் வாங்கினேன்.
பத்து கிராம். விலை பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன்,
பிறகு மறுபடி எடுத்தேன்.
காய்ச்சி ஊற்றினால்
வீட்டில் இருக்கிற தட்டிலெல்லாம் உறைந்தது.
இப்போது தட்டு பன்னிரண்டு.

ரமீஜாவின் உம்மா கொடுத்தது மூன்று அல்ல,
நாலு.
தண்டவாளத்தில்
சிக்னல் கம்பம் வருவதற்கு முன்பே
ஒன்று முடிந்திருந்தது.
இதை நம்புராசனிடம்
நான் இன்னும் சொல்லவில்லை.