போகையில் மட்டும்

"அண்ணே, பாலத்துல மட்டும் நிக்குது" என்றார் கார்மேகம்.
பாலத்தில் எல்லோரும்தான் நிற்கிறார்கள், படம் பிடிக்க.
"இது தானா நிக்குது."

தொண்ணூற்றேழு மாடல் ஆர்.எக்ஸ்.ஜி.
டேங்க் அடியில் உப்பு பொரிந்து
பெயின்ட் செதில் செதிலாய்.
மண்டபம் ரயில்வே கேட் ஓரம் என் கடை.
அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கமும் கடல்தான்.
இங்கே ஒயருக்கு ஆயுசு பாதி.

உதைத்தேன். ஒரே உதை.
கால் மணி நேரம் மணியாக ஓடியது.
பிளக் மாற்றினேன். தொப்பி மாற்றினேன்.
சி.டி.ஐ. பெட்டியை நல்ல வண்டியில் கழற்றி
இதில் மாட்டிப் பார்த்தேன்.
ஹாண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தேன்.
ஒரு இருமல் இல்லை.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளை.
மூன்று தடவை ஓட்டிப் போனார்,
மூன்று தடவை தள்ளிக்கொண்டு வந்தார்.

கார்மேகத்துக்கு வசூல் வேலை. பரமக்குடி பைனான்ஸ்.
புதன்தோறும் பாம்பன் தெற்குவாடிப் பெண்கள் குழு,
வாரம் அறுநூற்று நாற்பது.
போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும் தடைக்காலம்.
மூன்று புதன் அவர் வந்து சேரவில்லை;
செபமாலை வீட்டில் அந்தோணியாருக்கு
மெழுகுவர்த்தி ஏற்றியதாகக் கேள்வி.
பட்டியலில் ஏழாவது பெயர் மோட்சராக்கினி.
என் மனைவி.

எவ்வளவு வேகம், எத்தனையாவது கியர், வெயிலா, தூறலா
என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
நான் கேட்காததை அவரே சொன்னார், டீயை ஆற்றியபடி:
"போகையிலதாண்ணே. வரும்போது ஒரு நாளும் இல்ல."

கம்பிக்குக் கிழக்கு மேற்கு தெரியுமா?

செவ்வாய் இரவு அந்த வண்டியிலேயே வீட்டுக்குக் கிளம்பினேன்.
வைகாசிச் சோழகம் வலது தோளில் கைவைத்துத் தள்ளியது.
விழாதிருக்க, எனக்கே தெரியாமல்,
ஹாண்டிலை இரண்டு விரல் வலப்பக்கம் கொடுத்திருந்தேன்.
பாலத்தின் மேட்டில் செத்தது.

செத்த வண்டியை நேராக்குவது கையின் வழக்கம்.
நான் நேராக்கவில்லை.
காற்று கொடுத்த கோணத்திலேயே ஓரங்கட்டி,
முழங்காலால் ஹாண்டிலை அணைத்து,
பல்லில் டார்ச்சு.
மீட்டரின் ஒரு முள் பாடியில்,
இன்னொன்று கறுப்பில் வெள்ளைக்கோடு போட்ட கம்பியில்.
ராமேஸ்வரம் பஸ் ஆரன் அடித்து
என் பிறப்பை விசாரித்துக்கொண்டு போனது.
மீட்டர் கீ என்றது.
முழங்காலை விட்டேன். ஊமை.
அணைத்தேன். கீ.

அந்தக் கம்பிக்கு ஒரே வேலைதான்:
சாவியை மூடும்போது பாடியைத் தொட்டு
இஞ்சினிடம் போதும் என்று சொல்வது.
வண்டியின் கழுத்தில், விளக்குக்குப் பின்னால்,
நகம் அளவு தோல் தேய்ந்து செம்பு எட்டிப் பார்த்தது.
முழுசாக ஒடித்தால் தாண்டிப் போகும்,
நேராக இருந்தால் எட்டாது,
இரண்டு விரலுக்கு மட்டும் சரியாக இரும்பில் படும்.
சாவி சொல்லாமலே சாவி வேலை பார்த்திருக்கிறது.
திரும்பும்போது காற்று இடது தோளில்.
கார்த்திகையில் வாடை அடித்து,
எதிர்ப்பக்கமும் இப்படித் தேய்ந்திருந்தால்
வரும்போது செத்திருக்கும், வசூலான பணத்தோடு.

ராக்கினி கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள்.
"கண்டுபிடிச்சிட்டியா?"
"ம்."
கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.
"உடனே சரி பண்ணணுமா?"

ஒரு அங்குல ஸ்லீவ், ஒரு டேக்.
பத்து நிமிட வேலை.
எனக்கு ராத்திரி ஒன்றரை ஆனது.

காலையில் மண்டபத்தில் சாவியைக் கொடுத்தேன்.
"என்னண்ணே கோளாறு?"
"காத்து."
கார்புரேட்டரைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.
நூற்றைம்பது கொடுத்தார், எண்ணாமல் வாங்கினேன்.

பத்தரைக்கு ராக்கினியிடமிருந்து போன்.
அவள் பேசவில்லை.
போனைத் தெருப்பக்கம் நீட்டியிருக்கிறாள்:
தூரத்தில் அந்த யமஹா,
ஒரு தட்டு இல்லை, ஒரு தயக்கம் இல்லை,
ஐந்தாவது வீட்டிலிருந்து
ஆறாவதற்கு.