இரண்டு சீனி

காலை ஏழு. பார்மன் ஆஸ்பத்திரி. வெறும் வயிறு.
ஒரு கிளாஸ் தண்ணீரில்
இரண்டு வகைச் சீனியைக் கரைத்துத் தந்தாள் தாதி ரொஸ்விதா.
சின்ன மூலக்கூறு எந்தக் குடலையும் கடந்துவிடுமாம்.
பெரிசைத்தான் கவனிக்க வேண்டும்:
நல்ல குடல் அதை உள்ளே விடாது.
"ஆறு மணித்தியாலச் சிறுநீர். ஒரு சொட்டும் சிந்தக் கூடாது"
செம்மஞ்சள் கேனை நீட்டினாள்.

நான் டைல்ஸ் பதிக்கிறவன்.
பதினாறு வருசக் குளியலறைகள் என் முழங்காலில் இருக்கின்றன.
கல் ஒழுகாது.
இரண்டு கல்லுக்கு நடுவே
தீக்குச்சி அகல இடைவெளிதான் ஒழுகும்.

டாக்டர் குடலின் படத்தைக் காட்டியிருந்தார்:
புண் இல்லை, வீக்கம் இல்லை, பளபளவென்று இளஞ்சிவப்பு.
"ஆறிவிட்டது, ஹெர் கேதீஸ்வரன்."
பிறகேன் டாக்டர்
தொங்கு ரயிலில் ஃபோவிங்கெல் போய்ச் சேருமுன்
மூன்று தரம் இறங்குகிறேன்?
ஆற்றுக்கு மேலே பெட்டி ஆடும்போது
எந்த ஸ்டேஷனடியில் எந்தக் கடையில் கக்கூஸ்,
எது ஐம்பது சென்ட்,
எந்த முதலாளி முகம் சுளிப்பான்,
எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அவருக்கு ஒரு வேலைக் கதை சொன்னேன்.
எல்பர்ஃபெல்டில் ஒரு வீடு.
மேல்மாடிக் குளியலறையில் ஒரு கீறல் இல்லை,
வீட்டுக்காரி சத்தியம் பண்ணினாள்.
கீழ்வீட்டு முகட்டில் மட்டும்
தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை,
கிழமைக்கு ஒரு விரல் வளர்ந்தது.
மேலே நின்று பார்த்தால் தெரியாது டாக்டர்,
கீழே போய்ப் பார்க்க வேண்டும்.

பேனையை வைத்துவிட்டு யோசித்தார்.
அப்படி வந்ததுதான் இந்தச் சீனி.

கசிவு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கோயிலில்.
நெஞ்சு கசிய வேண்டும் என்றார்கள்.
எவ்வளவு முயன்றும் அது கசியவில்லை.
இடம் மாறிவிட்டது போல.

பத்து மணிக்குக் கேன் கால்வாசி.
எதிர் நாற்காலியில் ஒரு பெண், இருபது வயசிருக்கும்,
அதே கேனை
மடியில் சால்வையால் மூடி வைத்திருந்தாள்.
நான் என்னுடையதைத் தரையில்,
எல்லாரும் பார்க்க வைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் அவளுடையதும் தரைக்கு வந்தது.
இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாய் நிரப்பலாம்,
கல்லை உடைக்கத் தேவையில்லை.
ஆனால் அதற்கு முழங்காலிட இடம் வேண்டுமே.
வதனி போனில் கேட்டாள்: "பசிக்குதா?"
பசித்தது.

ஒரு மணிக்கு மூடியை இறுக்கி
கேனைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தேன்.
ரொஸ்விதா "நைன், நைன்!" என்று ஓடிவந்தாள்.
தொழில் பழக்கம்.
ஒழுகவில்லை.