எங்கள் வாம்பிர் சிவப்பு

சவப்பெட்டிக்குள் படுக்க
முந்நூறு தினார் கூடக் கேட்டார் வுகோமான்.
"வெள்ளை பூசாதே பெண்ணே.
உலகம் எங்களிடம் வாங்கிய சொல் இது ஒன்றுதான்,
அதையும் வெளுக்காதே.
எங்கள் வாம்பிர் சிவப்பு.
மத்தளமாய் ஊதியிருக்கும்,
விருந்துண்டு திரும்பும் குடியானவனைப் போல.
மேலங்கி ஏது அவனுக்கு?
புதைத்த துணிதான்."

இயக்குநருக்கு வெளிறல் வேண்டும்.
பூசினேன்.
நாலு பூச்சுக்கும் அடங்கவில்லை
பிளம் சாராயம் கன்னத்தில் வரைந்த நரம்புகள்.

பாழடைந்த நீராலை ஓரம்
ஏழு முறை எழுந்தார்.
ஏழு முறையும் சொடுக்கியது இடது முழங்கால்.
ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் பனி விழுந்த வாரம்
நிஜமாகவே படுத்தார்.

வால்யேவோ அரங்கில் படம்.
பக்கத்து இருக்கையில் அவர் மனைவி ஸ்தமேனா,
கறுப்புத் தலைத்துணி, மடியில் கைப்பை.
திரையில் மண் பிளந்தது.
பின்வரிசைப் பையன்கள் அலறினார்கள்.
யாரோ வெட்ட மறந்த அந்தச் சொடுக்கு கேட்டதும்
வாய்பொத்திச் சிரித்தாள்.
பிறகு அது சிரிப்பாக இல்லை.

ஒளிக்கற்றைக்குள் ஓர் அந்துப்பூச்சி.
பிணத்தின் வாயிலிருந்து பூச்சி பறந்தால்
பிடித்து எரித்துவிட வேண்டுமாம்,
தப்பினால் ஊருக்கு ஆகாதாம்.
அது தலைக்கு மேலேயே சுற்றியது.
அவள் கை மடியைவிட்டு எழவில்லை.

வெளியே பனிச்சேற்றில் நின்று கேட்டாள்:
"நாளைக்கும் ஓடுமா?"
"வியாழன் வரை."
விரல் மடக்கினாள்.
"நாற்பது நாள் நடமாடும் என்பார்கள்.
இவருக்கு நாலா?"
கைப்பையைத் திறந்து
சில்லறையை எண்ணத் தொடங்கினாள்.