நாப்பத்திரெண்டு

முன்னெல்லாம் சபுரா என் இடுப்பளவை
மேலப்பாளையம் பஜாருக்கே கேட்கச் சொல்லுவாள்.
இந்த முறை
டேப்பை விரலால் மறைத்து
ஐகிரவுண்டு நர்ஸ் மாதிரி
குரலைத் தாழ்த்தினாள்.
"சத்தமாச் சொல்லுட்டி,
நாப்பத்திரெண்டுதானே, களவாண்டா வந்தேன்?"

இடுப்புக்கு எலாஸ்டிக்.
நாடா வேண்டாம், அவசரத்தில் கடுமுடிச்சு விழுது.
கழுத்தை மட்டும் கொஞ்சம் இறக்கிவை,
அங்கே இன்னும் வயசு வந்து சேரலை.
ரெண்டு பக்கமும் பை.
"பையா? அது ஆம்பளைக்குல்லா வைப்பாவ!"
"கையில ஏதுட்டி ஆம்பளை, பொம்பளை."

திங்கட்கிழமை
கடுகு மஞ்சளில் ஆபீஸ் படியேறினேன்.
கேஷியர் ஆவுடையப்பன்
கண்ணாடியை உயர்த்தினார்.
"மகளோடதா மேடம்?"
"அவளும் கேட்டா சார். கொடுக்கலை."

அவர் தொப்பைக்குக் கீழே
பெல்ட் படுகிற பாட்டை
நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

சாயங்காலம் ஆற்றுப்பாலத்தில் ஆனிக் காற்று.
சேலை என்றால்
ரெண்டு கையும் முந்தானைக்கே சரியாயிருக்கும்.
இன்றைக்கு
பைக்குள் சும்மா கிடந்தன,
லீவு போட்ட மாதிரி.

வலது பையில் என்னவோ தட்டுப்பட்டது.
சபுரா மறந்துபோன தையல் சாக்குக்கட்டி,
பாதி தேய்ந்தது, நீலம்.
புதுத்துணியில் கறை பிடித்துவிட்டது.
பிடிக்கட்டும்,
உள்பக்கம்தானே.