சிலைகளுக்குப் பல் இல்லை

திங்கள் முதல் சனி வரை
பிறருடைய வாய்களுக்காக வேலை செய்கிறேன்.
வாய்கள் என்னிடம் வருவதில்லை.
அவற்றின் அச்சு வரும்: மஞ்சள் பிளாஸ்டர், ஒரு எண்,
ஒரு நிறக்குறிப்பு, சில சமயம் ஒரு புகைப்படம்.
பீங்கான் மாவைத் தூரிகையால் அடுக்கி
உலையில் சுட்டு
யாரும் கவனிக்காதபடி ஒரு பல் செய்வேன்.
கவனித்துவிட்டால் என் வேலை தோல்வி.

இது பதினோராவது வருடம்.
போன மாதத்திலிருந்து
எல்லாப் பற்களும் ஒரே பல்லாகிவிட்டன.
முன்பல்லா கடைவாய்ப்பல்லா என்று
கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.
சியாலாதான் சொன்னாள்:
"ஞாயிற்றுக்கிழமை மியூசியம் போவோம், மாக்வாலா.
வேறு யாருடைய வாயையாவது பார்."

துபிலிசியில் அன்று மழை.
ஈரக் குடைகளை வாளியில் நட்டுவிட்டு
முதல் கூடத்துக்குள் போனோம்.
பளிங்குத் தலைகள். வெண்கலத் தலைகள்.
ஒரு தளபதி, இரண்டு விஞ்ஞானிகள்,
நீந்தக் கிளம்பிய ஒரு பெண்,
சுத்தியலோடு ஒருவன், அவனைப் பார்க்காத ஒருத்தி.
சியாலா தோள்களைப் பார்த்தாள்.
நான் உதடுகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.
பழக்கதோஷம்.

எல்லாரும் வாயை மூடியிருந்தார்கள்,
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவர்கள்போல.
கடிக்கப் பல் உண்டா என்று
யாரும் பார்த்ததில்லை.
இரண்டாம் கூடம். மூடிய வாய்.
மூன்றாம் கூடத்தில் ஒருவன் பாடிக்கொண்டிருந்தான்.
குனிந்து, கீழிருந்து
கைபேசி வெளிச்சத்தை உள்ளே விட்டேன்.
இருட்டு. அண்ணத்தில் ஒரு உளித் தழும்பு.
பல் இல்லை.
கல்லுக்குள் ஒரு பாட்டையே அடைத்தவனுக்கு
பல்லுக்குப் பொறுமை இல்லாமல் போயிருக்கலாம்.
அல்லது பல் தெரிந்தால்
சிலை பக்கத்து வீட்டுக்காரனாகிவிடும் என்று
பயந்திருக்கலாம்.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றார் காவலர்.
கீழ்வரிசையில் அவருக்கு ஒரு பல் தங்கம்.
பழைய வேலை. நல்ல வேலை.

வெளியே மழை விட்டிருந்தது.
உலர்ந்த பாலம் என்பது பெயர்தான்,
அன்று அது சொட்டிக்கொண்டிருந்தது.
கடைக்காரர்கள் பிளாஸ்டிக் தாளை விலக்கினார்கள்:
சமோவார், பதக்கங்கள், மூடியில்லாத கேமரா.
ஓரத்தில் லாமாரா என்றொருத்தி
தான் பிசைந்து செய்த களிமண் நாய்களை
அட்டைப்பெட்டி மேல் நிறுத்தியிருந்தாள்.
எல்லாம் சிரித்தன, அல்லது உறுமின.
முள்கரண்டியால் கீறிய பற்கள்.
ஒன்றுக்கு ஒன்பது, ஒன்றுக்குப் பதின்மூன்று.
"இதற்கு மட்டும் ஏன் நாலு?"
"அப்போது போன் வந்தது" என்றாள்.

நாலு பல் நாயை எட்டு லாரிக்கு வாங்கினேன்.
பேரம் பேசவில்லையென்று சியாலா திட்டினாள்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
கட்டைவிரல் தானாக அதன் வாய்க்குள் போய்
நாலையும் எண்ணியது.
மறுபடி எண்ணியது.

திங்கட்கிழமை மேஜைமேல் ஒரு முன்பல் வேலை.
மார்ஷ்ருட்கா ஓட்டும் வாஜா என்பவருக்கு.
குறிப்பு: நேராக இருக்கட்டும்.
புகைப்படத்தில், பல் விழுவதற்கு முந்தைய கோடையில்,
ஒரு தர்ப்பூசணியைக் குழந்தைபோல ஏந்திச்
சிரிக்கிறார்.
அந்தப் பல் பக்கத்துப் பல்லிடம்
ஏதோ கேட்கப்போவதுபோல
கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

நேராகச் செய்தேன். சுட்டேன்.
நேராகத்தான் இருந்தது.
நான் பார்த்தேன். நாயும் பார்த்தது.

பிறகு இன்னொன்று செய்தேன்.
தூரிகை நுனியில் ஒரு திருப்பம்,
மணிக்கட்டு அசையவில்லை, மூச்சளவுதான்.
ஓரத்தில், விதை கடித்துத் தேய்ந்திருக்கக்கூடிய
ஒரு சின்னச் சாய்வு.
பல்லைச் செய்துகொண்டிருக்கும்போதே
மீதி முகம் தெரிந்தது,
அவர் எந்தப் பக்கம் தலைசாய்த்துச்
சில்லறை கேட்பார் என்பது உட்பட.

இரண்டையும் ஒரே டப்பாவில் பஞ்சுமேல் வைத்து
டாக்டருக்கு எழுதினேன்:
ஒன்று அவர் கேட்டது.
மற்றது அவருடையது.

இன்னும் பதில் இல்லை.
மூன்று கடைவாய்ப்பற்கள் காத்திருக்கின்றன.
காலையிலிருந்து என் நாக்கு
என் பற்களையே ஒவ்வொன்றாகத் தடவி எண்ணுகிறது.
இருபத்தேழு.
இடது கோடியில்
யாருக்கோ போன் வந்திருக்கிறது.