இரண்டு ஆழி

மட்டி என்று திட்டுவோம்
ஒன்றும் விளங்காதவனை.
இந்த மட்டி
நூற்றிருபத்தெட்டு வருடம்
ஒரே இடத்தில் கிடந்தது:
பசிபிக்கின் வடகிழக்கு ஓரம்,
ஒரு மீட்டர் மணலுக்குக் கீழே,
கழுத்தை மட்டும் மேலே நீட்டி.
கூயிடக் என்பார்கள் அங்கே.
உதடு மரத்துப்போய் மேலேறி வந்த
முக்குளிப்பவன் யான் கோவாச்
அதைப் படகின் தளத்தில் கிடத்திவிட்டு
முதலில் கேட்டது காப்பி.

ரோவெனா டகார்ட்
ஓட்டின் கீலைக் குறுக்கே அறுக்கிறாள்.
தேய்க்கிறாள்.
இன்னும் நைசான தாளில் தேய்க்கிறாள்.
அமிலத்தில் ஒரு நிமிடம்.
பிறகு அசிடேட் தாளில் ஒற்றி எடுக்கிறாள்
சார்பதிவாளர் அலுவலகத்தில்
கட்டைவிரலை உருட்டுவது போல.
நுண்ணோக்கியில் வரிகள்.
வெதுவெதுப்பான கோடைக்கு அகலமாய்;
குளிர்ந்த கோடைக்கு
மயிரைப் பிளந்து வைத்தாற்போல ஒன்று.

மேலே, மலையில்,
மரங்கள் குட்டையாகத் தொடங்கும் இடத்தில்
டெஸ்மண்ட் க்வில்
துளைக்கருவியைத் திருகித் திருகி
ஹெம்லாக்கின் நெஞ்சிலிருந்து
பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவினான்.
மரம் சாகாது.
பிசினை விட்டு மூடிக்கொள்ளும்.
கடல் சூடேறிய வருடம்
பனி சீக்கிரம் உருகும், மரத்துக்கு நாள் கூடும்.
கடல் குளிர்ந்தால்
ஜூலையிலும் வெள்ளைக்குள் நிற்கும் அடிமரம்.

மரத்துக்குக் காழ் உள்ளே,
மட்டிக்கு வெளியே.
ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
இருந்தும்
ஒரே காற்றுக்குக் கணக்கு எழுதி வந்தன.

ஆழி என்றொரு சொல் நம்மிடம் உண்டு.
கடலும் அதுதான்,
வளையமும் அதுதான்.
ஏனென்று நான் கேட்டதில்லை
ரோவெனாவின் திரையைப் பார்க்கும் வரை.

மூன்றாவது சாட்சி மனிதர்.
ஸ்டோக்கர் தீவுக் கலங்கரை விளக்கின் காவலர்
ஆலஸ்டர் ப்ரூடன்.
தினமும் எண்பது படி இறங்கி
வாளியில் கடலை மொண்டு
வெப்பமானியை அதில் நிறுத்தி
பேரேட்டில் ஓர் எண்.
இருபத்திரண்டு வருடம்.
அவருடைய எண்ணும் மட்டியின் வரியும் மரத்தின் வளையமும்
ஒரே சந்தைக்குப் போகிற மூன்று பேர் போல
பேசிக்கொண்டே நடந்தன.
1953 வரை.

ஜூன் முழுக்கப் பன்னிரண்டு.
ஜூலையில் பன்னிரண்டு, பன்னிரண்டரை, பன்னிரண்டு.
ஆகஸ்டிலும் அதே நல்ல கடல்.
ஆனால் மட்டியில்
அந்த வருடம் இருக்கிறதா என்றே தேட வேண்டியிருக்கிறது.
மரமோ, வேண்டாவெறுப்பாக
நாலு செல் சேர்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

ரோவெனா முதலில் மட்டியைச் சந்தேகித்தாள்.
இன்னும் ஆறு ஓடுகளை அறுத்தாள்.
ஆறும் மாறவில்லை.
டெஸ்மண்டைத் திரும்ப மலைக்கு அனுப்பினாள்,
அவன் முனகிக்கொண்டே போனான்.
அதற்குப் பிறகுதான்,
கொஞ்சம் கூச்சத்தோடு,
அந்தக் கையெழுத்தை.

பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில்:
'மே 30. எலினோரைப் படகில் ரூபர்ட்டுக்கு அனுப்பினேன்.
மூச்சு சரியில்லை.'
பிறகு எண்கள், எண்கள்.
'செப்டம்பர் 4. எ. திரும்பினாள். தானாகவே படி ஏறினாள்.'
மறுநாள்:
ஒன்பது புள்ளி ஒன்று.

வாளி அந்தக் கோடையில் நனையவே இல்லை.
வானொலிப் பெட்டியை விட்டு நகராமல்
மேலேயே உட்கார்ந்து
கடல் எப்படி இருந்தால் தேவலையோ
அப்படி எழுதியிருக்கிறார் மனிதர்.

அறிக்கையில் அவள்
காரணம் எதுவும் சொல்லவில்லை.
தொண்ணூற்றேழு நாட்களுக்கு எதிரே
'அளவீடு இல்லை' என்று மட்டும்.
பேரேட்டுக்கு முந்தைய வருடங்களில்
வாளியும் இல்லை, ஆளும் இல்லை;
வளையத்தைக் கேட்டால் வரி,
வரியைக் கேட்டால் வளையம்.
கோடு அப்படியே பின்னால் போகிறது
1881 வரை.

சாயங்காலம் யான் வந்தான்.
மட்டியின் கறியை என்ன செய்தீர்கள் என்றான்.
உறைபெட்டியில், என்றாள்.
பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு
படகுத்துறைக்கு இறங்கினாள்,
சட்டைக் கையை மடித்து
முழங்கை வரை நீரில் விட்டாள்.
ஒன்பது இருக்கும், என்று நினைத்தாள்.
கருவி பதினொன்று காட்டியது.
தட்டிப் பார்த்தாள்.
பதினொன்று.