வேறெங்கோ திறந்திருக்கிறது

வட்டு நிரம்பிவிட்டதென்று
சிவப்புக் கோடு காட்டுகிறது கணினி.
நான் வைத்தது என்று பார்த்தால்
பதினொரு வருடத்துச் சத்தியக்கடதாசிகள்,
பிறப்பு, இறப்பு, விவாகம்,
தம்பியின் கலியாணப் படங்கள் நாற்பது,
பருத்தித்துறை வடைக்கு ஒரு செய்முறை.
இவ்வளவுக்கா இந்தப் பாரம்?

புதுக்கடையில், கோட்டுக்கு எதிர்ப்புறம்,
ஃபோட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே என் அறை.
சிங்களத்திலிருந்து தமிழுக்கு,
தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு.
பக்கத்துக்கு ஆயிரம், முத்திரை தனி.

நிப்ராஸ் வந்து பார்த்தான்,
விரலில் பணிஸ் சீனி ஒட்டியிருந்தது.
"டெம்ப் ஃபைல் மிஸ். முப்பத்தொம்பதாயிரம் ஈக்கி."
யார் போட்டது?
"ஒத்தரும் போடல்ல. அதுவாத்தான் போடுது."
எதற்கு?
"தற்காலிகத்துக்கு."

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
நாளுக்கு நாலு தடவையாவது தட்டுகிறேன்:
தற்காலிக வதிவிடம்,
தற்காலிக அடையாள அட்டை,
தற்காலிகத் தடையுத்தரவு.
கொட்டாஞ்சேனையில் நானிருக்கும் அனெக்ஸும்
பதினொரு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம்.
எட்டாவது தடவை கையெழுத்திட்டபோதும்
மிஸிஸ் வீரக்கொடி அதையேதான் சொன்னா,
சுவரில் ஆணி அடிக்க வேண்டாம்.
அடிக்கவில்லை.
கலண்டர் இன்னும் கதிரையில்தான்,
சாய்ந்தபடி.

பெயர்களைப் பார்த்தேன்.
முதலில் ஓர் அலைக்குறி, பிறகு ஒரு டொலர்,
பிறகு விசைப்பலகையில் பூனை நடந்ததுபோல எழுத்துகள்.
சிலவற்றின் அளவு பூச்சியம்.
பெயருண்டு, திகதியுண்டு, உள்ளே ஒன்றுமில்லை.
இப்படிப் பத்திரங்களும் வரும் எனக்கு:
தந்தையின் பெயர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு மட்டும்.
கோட்டையும் மொழிபெயர்க்கத்தான் வேண்டும்.

நேரம், அதிகாலை இரண்டு நாற்பத்தேழு.
அறை பூட்டி, சாவி என் கைப்பைக்குள்.
துறைமுகத்துக்குக் கொள்கலன் இழுக்கும் லொறிகள் தவிர
இந்தத் தெருவில் யாரும் விழித்திருப்பதில்லை.
அப்போது இது
யாருக்கு என்ன எழுதியது?

கரண்ட் இல்லாத வருடத்துக் கோப்புகள் வேறு தினுசு.
ஒன்றைத் திறந்தேன்.
மேற்கூறப்பட்ட முகவரியில் வசிக்கும் நான்
உண்மையாகவும் நேர்மையாகவும்
அவ்வளவுதான்.
அதற்குள் மின்சாரம் போயிருக்கிறது.

எல்லாவற்றையும் தெரிவு செய்து ஒரே அழுத்து.
முப்பத்தொன்பதாயிரம்,
ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் போயிற்று.
ஒன்று மட்டும் போகவில்லை.

இந்தக் கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறது.
மூடிவிட்டு மீண்டும் முயல்க.

எல்லாம் மூடித்தான் இருந்தது.
அணைத்துப் போட்டோம். அதே வசனம்.
திகதியைப் பார்த்தேன், ஆடி மாதம், அதே வருடம்,
ஒரு வியாழன்.

வியாழன் என்றதும் ஜசிந்தா.
முகத்துவாரம். மகனின் பிறப்பத்தாட்சிப் பத்திரம்.
ஐந்நூறு முற்பணம் தந்தா, ஈரமான நோட்டு.
பாதியில் கரண்ட் நின்றது.
மனுசன் பெற்றோல் வரிசையில் தனியே நிற்கிறார்,
பார்த்துவிட்டு வாறன் மிஸ் என்றா.
மூலப்பிரதி இன்னும் என் லாச்சியில்,
பிளாஸ்டிக் உறைக்குள்.

இது அதுதானா, தெரியாது.
திறக்கவும் விடவில்லை, அழிக்கவும் விடவில்லை.
வேறு வழியால் தூக்கலாம் என்றான் நிப்ராஸ்.
கிடக்கட்டும் என்றேன்.
ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு
படியில் இரண்டிரண்டாய் இறங்கினான்.

உறையின் மூலையில்
பென்சிலால் ஒரு கைபேசி இலக்கம்.
இத்தனை நாளும் ஏன் எடுக்கவில்லை என்று
என்னிடம் கேட்காதீர்கள்.
எடுத்தேன்.
நீங்கள் அழைத்த இலக்கத்துடன்
தற்காலிகமாகத் தொடர்புகொள்ள முடியாதென்று
மூன்று மொழியிலும் ஒருத்தி சொன்னாள்.
தமிழில் ஒரு பிழை.

இன்னொரு தடவை எடுத்து
அந்த இடத்தை மட்டும் கேட்டேன்.